பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு ஏன் அணைகிறது? டிராக்டர் டிரெய்லர் லைட் ஒயரிங், முதல் பாடம்

போன கரும்பு அரவைக் காலத்தில் ஒரு சாயங்காலம். ஆலைக்குப் புறப்படத் தயாராக நின்ற டிரெய்லருக்குப் பின்னால் நானும், அந்த வண்டிக்குச் சொந்தக்காரரான பெரியவரும் நின்றுகொண்டிருந்தோம். லைட் சுவிட்சைப் போட்டதும் இடப்பக்கச் சிவப்பு விளக்கு நன்றாகவே எரிந்தது. அவருடைய மகன் டிராக்டரில் ஏறி பிரேக்கை மிதித்தான். இன்னும் பளிச்சென்று எரிய வேண்டிய விளக்கு சுத்தமாக அணைந்துவிட்டது. காலை எடுத்தால் மறுபடி எரிகிறது. மிதித்தால் அணைகிறது.

"பல்பு போன வாரம்தான் தம்பி மாத்துனேன். இது என்ன தலைகீழா வேலை செய்யுது?" என்றார்.

பல்பில் குறை இல்லை. சுவிட்சிலும் இல்லை. அந்த விளக்கை டிரெய்லர் இரும்போடு பிடித்திருந்த ஒரே ஒரு போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தது. அவ்வளவுதான் கோளாறு. ஆனால் ஏன் இப்படி விசித்திரமாகக் காட்டியது என்பதைப் புரிந்துகொண்டால், டிரெய்லர் லைட் கோளாறுகளில் பாதிக்கு மேல் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். மின்சாரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பல்பு, இரண்டு ஒயர், கொஞ்சம் பொறுமை போதும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. லோடு ஏற்றிய டிராக்டர் மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறது. பின்னால் ஒருவர் பைக்கில் 60-ல் வருகிறார். இருவருக்கும் உள்ள இடைவெளி நொடிக்குக் கிட்டத்தட்ட 10 மீட்டர் வீதம் குறைந்துகொண்டே வரும். லைட் இல்லாத டிரெய்லர் 30 மீட்டர் தூரத்தில்தான் அவர் கண்ணில் படுகிறது என்றால், அவர் கையில் இருப்பது மூன்று நொடி. டிரெய்லர் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தால் இரண்டு நொடிகூட இல்லை. நெல்லிக்குப்பம், மூங்கில்துறைப்பட்டு என்று ஆலை இருக்கும் ஊர்ப் பக்கம் ராத்திரியில் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த இரண்டு நொடி எப்படியிருக்கும் என்று தெரியும்.

போன கரண்ட் திரும்பி வர வேண்டும்

பேட்டரியில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு முனை. பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் கரண்ட் ஃபியூஸ், சுவிட்ச், ஒயர் வழியாகப் பல்புக்குள் போகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பல்புக்குள் போனது அங்கேயே தீர்ந்துவிடுவதில்லை, திரும்பி மைனஸுக்கு வந்து சேர வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சைக்கிள் செயினைப் பாருங்கள். இழுப்பது மேல் பக்கச் செயின்தான். அதற்காகக் கீழ்ப் பக்கத்தை வெட்டிவிட்டால் சக்கரம் சுற்றுமா? கரண்டும் அப்படித்தான். போகும் வழி எவ்வளவு நன்றாக இருந்தாலும், திரும்பும் வழி அறுந்திருந்தால் எதுவும் நடக்காது.

வண்டிகளில் இந்தத் திரும்பும் வழிக்குத் தனியாக ஒயர் இழுப்பதில்லை. வண்டியின் இரும்பு உடம்பே அந்த வேலையைப் பார்க்கிறது. பேட்டரி மைனஸ் ஒரு தடித்த பட்டையால் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடி இரும்புச் சட்டத்தோடு, இணைந்திருக்கும். விளக்கின் ஹோல்டர் அதே இரும்பில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். இதைத்தான் ‘எர்த்’ என்கிறோம். வீட்டு எர்த்தைப் போல மண்ணுக்குள் போவது இல்லை இது. வண்டியின் உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்புவது.

கார், லாரியில் எல்லாமே ஒரே உடம்பு. டிராக்டரும் டிரெய்லரும் இரண்டு உடம்பு. நடுவே ஒரு கொக்கியும் ஒரு பின்னும். அந்தப் பின்னில் கிரீஸ், அதன்மேல் புழுதி, அதற்கும் கீழே பெயின்ட். இதன் வழியாகக் கரண்ட் திரும்பும் என்று நம்ப முடியாது. அதனால்தான் டிரெய்லர் பிளக்கில் எர்த்துக்கென்றே தனியாக ஒரு ஒயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த எர்த் ஒயர் அறுந்தால் உடனே எல்லா லைட்டும் அணைந்துவிடும் என்று நினைப்போம். அணையாது. கரண்ட் கொக்கி வழியாகத் திரும்பப் பார்க்கும். டிராக்டர் இழுக்கும்போது பின் இறுகி, இரும்போடு இரும்பு அழுந்துவதால் லைட் எரியும். வேகம் குறைத்தால் பின் தளர்ந்து லைட் அணையும். மேட்டில் எரியும், பள்ளத்தில் மினுக்கும். கொட்டகையில் நிற்கும்போது சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும், ரோட்டில் இறங்கினால் ஒன்றும் இருக்காது. "நிக்கும்போது எரியுது, ஓடும்போது எரியல" என்று யாராவது சொன்னால், முதலில் பிளக்கின் எர்த் ஒயரைப் பாருங்கள்.

ஒரு பல்பு, இரண்டு இழை

இப்போது அந்த மாய விளக்குக்கு வருவோம்.

டிரெய்லரின் பின்விளக்கில் இருக்கும் பல்பைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் இரண்டு இழை தெரியும். ஒன்று 5 வாட். லைட் சுவிட்சைப் போட்டால் எரிவது இது. இன்னொன்று 21 வாட். பிரேக்கை மிதித்தால் எரிவது. கடையில் ‘டபுள் கான்டாக்ட்’ பல்பு என்று கேட்டு வாங்குவோமே, அது இதுதான். அடியில் ஈயப் பொட்டு போல இரண்டு புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி 5 வாட் இழைக்கு, ஒன்று 21 வாட் இழைக்கு. இரண்டு இழைகளின் மறுமுனையும் ஒன்றாகச் சேர்ந்து பல்பின் பித்தளை உடம்பில் முடியும். பித்தளை உடம்பு ஹோல்டரைத் தொடும், ஹோல்டர் டிரெய்லர் இரும்பைத் தொடும். அதாவது, இரண்டு இழைக்கும் திரும்பும் வழி ஒன்றே ஒன்றுதான்.

அந்த ஒரு வழி துருவால் அடைபட்டுப் போனால்?

லைட் சுவிட்சைப் போடுகிறோம். கரண்ட் 5 வாட் இழைக்குள் போய்ப் பித்தளை உடம்புக்கு வருகிறது. வெளியேற வழி இல்லை. ஆனால் அதே உடம்பில் இன்னொரு இழை இணைந்திருக்கிறது. அதற்குள் நுழைந்து, பிரேக் ஒயரில் பின்பக்கமாக ஏறி, அந்த ஒயரோடு சேர்ந்திருக்கும் மற்ற பிரேக் பல்புகள் வழியாக எர்த்தை அடைந்துவிடுகிறது. வாசல் பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக் கொல்லை வழியாக வெளியே போவது போல. 21 வாட் இழைகள் இவ்வளவு குறைந்த கரண்டுக்குச் சூடே ஆகாது. அவை வெறும் ஒயர் போலத்தான் நடந்துகொள்ளும். அதனால் 5 வாட் இழை கிட்டத்தட்ட முழு வெளிச்சத்தில் எரிகிறது. பார்ப்பவருக்குக் குறையே தெரியாது.

இப்போது பிரேக்கை மிதித்தால் பிரேக் ஒயரிலும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. 5 வாட் இழையின் ஒரு பக்கம் 12, மறு பக்கமும் 12. கயிற்றின் இரண்டு முனையையும் சம பலத்தில் இழுத்தால் கயிறு எந்தப் பக்கம் போகும்? கரண்ட் நின்றுவிடுகிறது. விளக்கு அணைகிறது. பெரியவருடைய டிரெய்லரில் நடந்தது இதுவேதான்.

இதே கோளாறு பகலில் வேறு முகம் காட்டும். லைட் சுவிட்ச் போடாமல் பிரேக்கை மட்டும் மிதித்தால், அந்தப் பக்கப் பிரேக் லைட் எரியாது. பதிலுக்கு மற்ற பக்கத்துப் பின்விளக்கு லேசாகச் செம்மண் நிறத்தில் மினுங்கும். இன்டிகேட்டரும் பின்விளக்கும் ஒரே டப்பாவுக்குள் இருந்தால், இன்டிகேட்டர் போட்டதும் பின்விளக்கு கூடவே துடிக்கும். விதவிதமாகக் காட்டினாலும் மூலம் ஒன்று. ஒரு லைட்டைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொரு லைட் எரிந்தாலோ, துடித்தாலோ, அணைந்தாலோ, பல்பு வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். எர்த்தைச் சந்தேகப்படுங்கள்.

அன்றைக்கு நாங்கள் செய்தது இதுதான். ஒரு ஒயரின் ஒரு முனையை டிரெய்லர் சேஸிஸில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் அழுத்திப் பிடித்தேன். மறுமுனையால் விளக்கு ஹோல்டரின் உடம்பைத் தொட்டேன். பையன் பிரேக்கை மிதித்தான். இடப்பக்கம் பளீரென்று எரிந்தது. ஒயரை எடுத்தால் அணைந்தது. கோளாறு எங்கே என்று தேடவே வேண்டியதில்லை, அதுவே சொல்லிவிட்டது. அப்புறம் போல்ட்டைக் கழற்றி, இரும்பை உப்புத்தாளால் வெள்ளி போலத் தெரியும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். கால் மணி நேர வேலை.

டெஸ்ட் பல்பு

சோதிக்க என்ன கருவி வேண்டும்? வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. ஆனால் புதிதாகக் கற்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது டெஸ்ட் பல்புதான். ஒரு பழைய ஹோல்டரில் 12 வோல்ட், 21 வாட் பல்பைப் போட்டு, இரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டு ஒயர் இழுத்து, ஒரு முனையில் முதலைக் கிளிப், மறுமுனையில் கூர்மையான ஒரு கம்பி. அவ்வளவுதான்.

மீட்டரைவிட இதை ஏன் உயர்த்திச் சொல்கிறேன் என்றால், மீட்டர் சில சமயம் ஏமாற்றும். ஒரு ஒயரில் இருக்கும் 20 செப்பு இழைகளில் 19 அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அல்லது பிளக் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். ஏனென்றால் மீட்டர் வேலை செய்யத் தேவைப்படும் கரண்ட் மிகமிகச் சொற்பம். அந்த ஒற்றை இழையிலேயே அது வந்துவிடும். நீங்களும் ‘ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுவீர்கள். 21 வாட் பல்புக்கோ 1.75 ஆம்பியர் வேண்டும். களிம்பேறிய இணைப்பு அதைத் தராது. பல்பு மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. உண்மை வெளியே வந்துவிடும். சொட்டு விழுகிற குழாயிலும் தண்ணீர் ‘வருகிறது’தான். குடத்தை வைத்தால்தானே லட்சணம் தெரியும்.

மீட்டர் வைத்திருப்பவர்கள் அதை வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டும். பிரேக் லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே கறுப்பு முனையை டிராக்டர் பேட்டரியின் மைனஸில் வையுங்கள் (ஒயர் நீளம் போதாவிட்டால் ஒரு துண்டு சேர்த்துக்கொள்ளலாம்). சிவப்பு முனையை டிரெய்லர் விளக்கு ஹோல்டரின் உடம்பில் வையுங்கள். எர்த் சுத்தமாக இருந்தால் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், 0.1 அல்லது 0.2 வோல்ட் காட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கேயோ அடைப்பு. 2, 3 வோல்ட் என்றால் கோளாறு நிச்சயம்.

2 வோல்ட்தானே என்று விட்டுவிடக் கூடாது. இழை பல்புகளில் வெளிச்சம் வோல்ட்டுக்கு ஈடாகக் குறைவதில்லை, அதைவிட வேகமாகச் சரியும். 12 வோல்ட் வர வேண்டிய பல்புக்கு 10 வந்தால், வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். பக்கத்தில் நின்று பார்க்கும் உங்களுக்கு எரிவது போலத்தான் தெரியும். தூரத்தில் வருகிறவருக்குத் தெரியாது.

எல்லைக் கல் எங்கே இருக்கிறது?

பழகாதவர்கள் கோளாறு தேடும்போது டிரெய்லரின் அடியில் படுத்துக்கொண்டு ஒயரை முழுக்கப் பிடித்து இழுத்துப் பார்க்கத் தொடங்குவார்கள். அது வேண்டாம். முதலில் கோளாறு டிராக்டரிலா, டிரெய்லரிலா என்று முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவே எல்லைக் கல் போல நிற்பது டிராக்டரின் பின்பக்கத்து 7 பின் சாக்கெட்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டிரெய்லர் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். டெஸ்ட் பல்பின் கிளிப்பைச் சாக்கெட்டின் எர்த் துளையில் மாட்டி, கம்பி முனையால் மற்ற துளைகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஒருவர் மேலே உட்கார்ந்து லைட், இடது இன்டிகேட்டர், வலது இன்டிகேட்டர், பிரேக் என்று வரிசையாகப் போடட்டும். பிரேக் சோதிக்கும்போது இரண்டு பெடலையும் சேர்த்துப் பூட்டிவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள். வயலில் திரும்புவதற்காகத் தனித்தனியாக விட்டிருப்பார்கள், ரோட்டுக்கு வரும்போது சேர்த்துப் பூட்டியிருக்க வேண்டும்.

எந்தத் துளை எதற்கு? பிளக்கின் பின்பக்கத்திலேயே 1 முதல் 7 வரை எண் பொறித்திருக்கும். 12 வோல்ட் வண்டிகளின் 7 பின் இணைப்புக்கான சர்வதேசத் தரத்தில் (ஐ.எஸ்.ஓ. 1724) ஒன்று இடது இன்டிகேட்டர், மஞ்சள் ஒயர். மூன்று எர்த், வெள்ளை. நான்கு வலது இன்டிகேட்டர், பச்சை. ஐந்து வலப்பக்கப் பின்விளக்கு, பழுப்பு. ஆறு பிரேக், சிவப்பு. ஏழு இடப்பக்கப் பின்விளக்கு, கறுப்பு. இரண்டாவது பனிமூட்ட விளக்குக்கானது, நீலம். நம் ஊர் டிரெய்லர்களில் பெரும்பாலும் அது சும்மாதான் இருக்கும்.

இதைச் சொல்லிவிட்டு உடனே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து டிரெய்லர்கள் நிறைய உள்ளூர்ப் பட்டறையில் கட்டியவை. அன்றைக்குக் கையில் எந்த நிற ஒயர் இருந்ததோ அதை இழுத்திருப்பார்கள். சிவப்பு என்றால் பிரேக் என்று நம்பிவிடாதீர்கள். நிறத்தை நம்பாமல் டெஸ்ட் பல்பை நம்புங்கள். சோதித்து முடித்ததும் எந்த எண்ணில் எந்த நிறம் என்று ஒரு தாளில் எழுதி, டூல் பாக்ஸின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்தால் அடுத்த முறை பாதி நேரம் மிச்சம்.

சாக்கெட்டில் எல்லாம் சரியாக எரிந்தால் டிராக்டர் பக்கம் பிரச்சினை இல்லை. அந்தப் பக்கமே இனிப் போக வேண்டாம். எரியாவிட்டால், கிளிப்பைச் சாக்கெட் எர்த்திலிருந்து எடுத்து டிராக்டரின் வெற்று இரும்பில் மாட்டி மறுபடி சோதியுங்கள். இப்போது எரிந்தால் சாக்கெட்டின் எர்த் போயிருக்கிறது. இப்போதும் எரியாவிட்டால் ஃபியூஸ், சுவிட்ச், ஒயர் என்று முன்னோக்கிப் போக வேண்டும். கொட்டகையில் நிறுத்தும் டிராக்டர் என்றால் எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சீட்டுக்கு அடியில் நெல் உமி, வைக்கோல் கிடந்தால் கிட்டத்தட்ட உறுதி.

டிரெய்லரைத் தனியாகவும் சோதிக்கலாம். ஒரு 12 வோல்ட் பேட்டரியின் மைனஸை டிரெய்லர் பிளக்கின் மூன்றாவது பின்னில் கொடுத்து, பிளஸ்ஸை 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக மற்ற பின்களில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். டிராக்டர் பக்கத்தில் இல்லாமலே எந்த லைட் எரிகிறது, எது எரியவில்லை என்று தெரிந்துவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. கொக்கி மாட்டாததால், கரண்ட் கள்ள வழியில் திரும்ப முடியாது. எர்த் ஒயர் அறுந்திருந்தால் ஒன்றுமே எரியாது. ஒளிந்திருந்த கோளாறு தானாக மாட்டிக்கொள்ளும்.

பிளக்கைத் திறந்து பாருங்கள்

டிரெய்லர் பக்கம்தான் கோளாறு என்று தெரிந்தால், முதலில் திறக்க வேண்டியது பிளக். கொக்கியிலிருந்து கழன்று மண்ணில் இழுபட்டு, மழையில் நனைந்து, உரத் தூசியில் ஊறி, சில சமயம் சக்கரத்தில் நசுங்கி, எல்லாக் கஷ்டத்தையும் படுவது அதுதான்.

மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே பச்சையாகப் பொடி பூத்திருக்கும். செப்புப் பாத்திரத்தில் ஏறும் அதே களிம்பு. பழைய டூத் பிரஷ்ஷும் உப்புத்தாளும் வைத்துச் சுத்தம் செய்யலாம். பித்தளைப் பின்களின் நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு பிளவு இருக்கும். பல வருடம் மாட்டிக் கழற்றியதில் அது ஒடுங்கி, சாக்கெட்டுக்குள் லூஸாகிவிடும். மெல்லிய பிளேடை அந்தப் பிளவில் வைத்து மயிரிழை அளவுக்கு அகட்டிவிட்டால் இறுக்கமாக உட்காரும். ரொம்ப அகட்டினால் ஒடிந்துவிடும், கவனம்.

அப்புறம் ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். ஸ்க்ரூவுக்கு அடியிலிருந்து ஒன்று கையோடு வரும். பெரும்பாலும் எர்த் ஒயர். அறுந்த ஒயரின் தோலைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். கறுத்த செம்பில் எவ்வளவு இறுக்கி முடுக்கினாலும் இணைப்பு நிற்காது. பளபளவென்று செம்பு நிறம் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு சாண் போனாலும் பரவாயில்லை.

எர்த் ஒயரை மாற்றினால் மற்றவற்றைவிடத் தடிமனானதாக வாங்குங்கள். காரணம் எளிது. இரண்டு பிரேக் லைட், இரண்டு பின்விளக்கு, ஒரு இன்டிகேட்டர் ஒரே நேரத்தில் எரிந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போன கரண்ட் எல்லாம் சேர்ந்து திரும்புவது அந்த ஒரே ஒயரில். கூட்டிப் பார்த்தால் 6 ஆம்பியர் வரும். மற்றதற்கு 1.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் எர்த்துக்கு 2.5 போடுவது நல்லது. இன்னும் நம்பகமாக வேண்டும் என்றால், டிரெய்லரின் இரும்பை நம்பாமல் ஒவ்வொரு விளக்கின் ஹோல்டரிலிருந்தும் பிளக்வரை எர்த் ஒயரையே இழுத்துவிடுங்கள். செலவு கொஞ்சம்தான் கூடும். துருப்பிடிக்கிற பழைய டிரெய்லருக்கு நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

ஃபியூஸ் போட்டதும் போய்விட்டால்

இது வேறு வகைக் கோளாறு. இங்கே கரண்ட் திரும்பாமல் தவிக்கவில்லை, பல்புக்குப் போகாமலே குறுக்கு வழியில் திரும்பிவிடுகிறது. இதைத்தான் ‘ஷார்ட்’ என்கிறோம். ஒயர் சேஸிஸில் உரசித் தோல் தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டிருக்கும். டிப்பர் டிரெய்லரில் பெட்டி மேலேறி இறங்கும் கீல் பக்கம் இது அடிக்கடி நடக்கும்.

ஃபியூஸ் இடத்தில் சிகரெட் பாக்கெட் காகிதத்தையோ ஒயர் துண்டையோ சுற்றிவைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபியூஸ் உருகாவிட்டால் ஒயர் உருகும், டீசல் டேங்க் பக்கத்திலேயே.

ஒவ்வொரு முறையும் புது ஃபியூஸ் போட்டு எரிப்பதற்குப் பதிலாக, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் அதன் இரண்டு முனைக்கும் நடுவே டெஸ்ட் பல்பை மாட்டுங்கள். சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் டெஸ்ட் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஒயருக்குச் சேதம் வராது, ஏனென்றால் பல்பு 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது. இப்போது டிரெய்லர் பிளக்கைக் கழற்றுங்கள். வெளிச்சம் சட்டென்று குறைந்தால் ஷார்ட் டிரெய்லரில். மறுபடி மாட்டிவிட்டு, ஒயரைப் பிளக்கிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு அடியாக அசைத்துக்கொண்டே போங்கள். டெஸ்ட் பல்பு மினுக்கும் இடத்தில் கையை நிறுத்துங்கள். அங்கேதான் தோல் உரிந்திருக்கும்.

பல்பிலேயே குறை இருக்கும்போது

பல்பும் சில சமயம் குற்றவாளிதான். டிராக்டர் 12 வோல்ட், பெரிய லாரிகள் 24 வோல்ட். கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும், உருவமும் ஒன்றே. 24 வோல்ட் பல்பை டிராக்டரில் போட்டால் சாகப்போவது போல மங்கிச் சிவந்து எரியும். பித்தளையில் பொறித்திருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

டபுள் கான்டாக்ட் பல்பின் பக்கவாட்டுக் குமிழ்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரே புள்ளி உள்ள பல்பை அதில் திணித்தால், அந்தப் புள்ளி ஹோல்டரின் இரண்டு தொடுமுனைகளையும் ஒன்றாக்கிவிடும். லைட் போட்டால் பிரேக் லைட்டெல்லாம் எரியும்.

இன்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக டிக்டிக்கென்று அடித்தால், அந்தப் பக்கம் ஒரு பல்பு எரியவில்லை என்று டிராக்டர் சொல்கிறது. எல்.இ.டி. விளக்குக்கு மாற்றியவர்களுக்கு எல்லாம் நன்றாக இருந்தாலும் இப்படி அடிக்கலாம். அது இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால், பல்பு போய்விட்டது என்று ஃப்ளாஷர் (இன்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் சின்ன டப்பா) தவறாக எடுத்துக்கொள்கிறது. எல்.இ.டி.க்கான ஃப்ளாஷரை மாற்றினால் சரியாகும்.

மறுபடி வராமல் இருக்க

இரண்டு ஒயரை முறுக்கி மேலே இன்சுலேஷன் டேப் சுற்றுவது ஒரு மழைக்குத்தான் தாங்கும். வெயிலில் டேப் பிசுபிசுத்துப் பிரியும், தண்ணீர் இறங்கும், களிம்பு ஏறும். ஈயம் வைத்துப் பற்றவையுங்கள், அல்லது கிரிம்ப் செய்யுங்கள் (உலோகக் குழலுக்குள் ஒயரை விட்டு நசுக்கி இறுக்குவது). மேலே சூடு காட்டினால் சுருங்கும் குழாயை மாட்டுங்கள். ஒயரை சேஸிஸின் உள் மடிப்பில் கொண்டுபோய் முழத்துக்கு ஒரு கட்டு போடுங்கள். கொக்கிப் பக்கம் மட்டும் வண்டி முழுசாகத் திரும்பும் அளவுக்குத் தொய்வு விட்டுக் கட்ட வேண்டும். தொய்வு போதாவிட்டால் முதல் வளைவிலேயே பிளக் பிடுங்கிக்கொள்ளும். அதிகமானால் தரையில் தேயும்.

பின்களில் பெட்ரோலியம் ஜெல்லி லேசாகத் தடவி வையுங்கள், ஈரம் ஏறாது. டிரெய்லரைக் கழற்றி நிறுத்தும்போது பிளக்கை மண்ணில் போடாமல், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி டிரெய்லரின் ஏர்க்கால் பக்கம் ஒரு கொக்கியில் மாட்டிவிடுங்கள்.

கரும்பு ஏற்றுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஒயரிங் எவ்வளவு சரியாக இருந்தாலும், பின்னால் தொங்கும் கரும்புத் தோகை விளக்கை மூடிவிட்டால் பிரயோசனம் இல்லை. லோடு ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு, இருட்டும் நேரத்தில் ஐம்பது தப்படி பின்னால் நடந்து போய்த் திரும்பி நில்லுங்கள். ஒருவரை மேலே உட்காரவைத்து லைட், பிரேக், இரண்டு இன்டிகேட்டர் எல்லாவற்றையும் போடச் சொல்லுங்கள். பிரேக்கை மட்டும் இரண்டு தடவை, ஒரு தடவை லைட் இல்லாமல், ஒரு தடவை லைட் போட்டுக்கொண்டு.